அகேட், கல்மரம் தேட எங்கே இறங்குவது? ஆற்றுத் திட்டு, கடற்கரை, எரிமலைப் பாறை, உழுத நிலம்: ஓர் ஒப்பீடு

பட்டை பட்டையாக நிறம் தெரியும் அகேட் என்ற கல்லைத் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எங்கே நிறையக் கிடைக்கும் என்பதைத்தான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: கிடைத்த கல்லை என்ன செய்யப் போகிறோம்? டம்ளிங் மெஷினில் உருட்டி மெருகேற்றப் போகிறோமா, பலகையாக அறுத்து கபோஷான் (மேற்புறம் வளைவாக வழவழக்கும் நகைக் கல்) தீட்டப் போகிறோமா, வளையங்கள் தெரியும்படி கல்மரத்தைக் குறுக்கே வெட்டி வைக்கப் போகிறோமா? ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கல் வேறு, அது கிடைக்கும் இடமும் வேறு. பட்டறையில் தொடங்கிப் பின்னோக்கி யோசித்தால் எங்கே இறங்குவது என்பது தெளிவாகிவிடும். அப்படி யோசிக்காமல் போனால், நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கிய மூட்டையில் பாதிக் கற்கள் கடைசி மெருகின்போதுதான் விரிசலைக் காட்டும்.

அகேட் பெரும்பாலும் பசால்ட் போன்ற எரிமலைப் பாறையில் பிறக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் வெறுங்குழிகளாக நின்றுவிடும். பின்னாளில் சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) கரைந்த நீர் அந்தக் குழிகளுக்குள் புகுந்து, படலத்தின் மேல் படலமாகப் படிந்து பட்டைகளை உண்டாக்குகிறது. பசால்ட் மழையிலும் வெயிலிலும் சிதைந்து களிமண்ணாகிவிடும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை கடினமுள்ள அகேட் அப்படிச் சிதையாது. குழிகளை நிரப்பிய அகேட் உருண்டைகளான முடிச்சுகள் மண்ணிலேயே தங்கி, பிறகு மழையில் உருண்டு ஓடைக்கும் ஆற்றுக்கும் கடைசியில் கடலுக்கும் போகின்றன. மூலத்துக்கு அருகே கல் பெரிதாகவும் முழுமையாகவும் இருக்கும், ஆனால் தோல் மூடியிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தூரம் போகப் போகக் கல் சிறுக்கும், உருளும், பலவீனமானது உடைந்து ஒழியும்.

கல்மரத்தின் வழி தனி. சேற்றிலோ எரிமலைச் சாம்பலிலோ சீக்கிரமாகப் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா ஊறி, செல்களை நிரப்பிக் கல்லாக்கியது அது. அதனால் பசால்ட் முகத்தில் கல்மரம் தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை. மணற்கல், சாம்பல் படிவு, பழைய ஆற்றுப் படிவு இருக்கும் நிலம்தான் அதற்குரிய இடம்.

ஆற்றுச் சரளைத் திட்டு

முதல் முறை தேடுகிறவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது. வெள்ளம் ஏற்கெனவே பாதி வேலையை முடித்து வைத்திருக்கும்: விரிசல் விட்டவை பெரும்பாலும் நொறுங்கிப் போயிருக்கும், தோல் தேய்ந்து உள்நிறம் தெரியும், ஒரே திட்டில் அகேட்டும், அதன் ஒளி புகாத உறவுக் கல்லான ஜாஸ்பரும், கல்மரமும் கலந்து கிடக்கும்.

ஆறு வளையும் இடத்தின் உட்புறக் கரையில் சேரும் திட்டுகளைப் பாருங்கள். திட்டின் மேல்முனையில் பெரிய கற்களும் கீழ்முனையில் மணலும் ஒதுங்கும். இங்கே பலரும் சறுக்குவது ஒரு விஷயத்தில்: தங்கம் சலிப்பவர்களைப் போலப் பாறை இடுக்குகளையும் கருமணலையும் கிளறுகிறார்கள். அகேட்டின் அடர்த்தி சுமார் 2.6. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, பக்கத்தில் கிடக்கும் பசால்ட் பெரும்பாலும் அதைவிடக் கனம். ஆகவே தங்கமோ, அடர்த்தி 4 உள்ள நீலக்கல்லோ போல அகேட் கனத்தால் ஓரிடத்தில் ஒதுங்காது, அளவால்தான் ஒதுங்கும். அந்த ஆற்றில் வரும் முடிச்சுகள் 3 முதல் 6 செ.மீ. வரை என்றால், அதே அளவுக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்கும் பகுதியில் மட்டும் நேரத்தைச் செலவிடுங்கள். மணலிலும் தலையளவுக் குண்டுக் கற்களிலும் பொழுதைப் போக்க வேண்டாம்.

வெளிச்சம் முக்கியம். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் அதை எதிர்நோக்கி நடந்தால், ஒளி ஊடுருவும் அகேட் உள்ளிருந்தே மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒளிரும், மற்ற கற்கள் கருத்துத் தெரியும். ஜாஸ்பருக்கும் கல்மரத்துக்கும் இது உதவாது. அவை ஒளி புகாதவை, நிறத்தையும் அமைப்பையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருப்பது நல்லது. அதனால் ஒரே திட்டைப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் பார்ப்பது வீண் வேலை ஆகாது. காய்ந்த திட்டில் ஸ்ப்ரே பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். காய்ந்த கல்லின் மேல் படிந்திருக்கும் வெண்சாம்பல் பூச்சு நிறத்தை முழுக்க மறைத்துவிடும், நனைத்தால்தான் பட்டை தெரியும்.

சந்தேகமான கல்லை எடுத்தால் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். அகேட்டில் மெழுகுப் பளபளப்போடு வழவழப்பாக வளைந்த முறிவு இருக்கும். மணற்கல் இறுகி உருவான குவார்ட்சைட்டில் தனித்தனி மணிகள் மின்னும். எஃகுக் கத்தி முனையால் அழுத்திக் கீறினால் அகேட்டில் உலோகக் கோடு படியுமே தவிரக் கல் கீறாது. சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் என்றால் பள்ளம் விழும். தேய்ந்த பாட்டில் கண்ணாடி அகேட் போலவே ஏமாற்றும். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு குவார்ட்ஸ் துண்டின் கூர்முனையால் கீறுங்கள், கண்ணாடியில் கோடு விழும்.

ஆற்றுக் கல்லுக்கு உள்ள குறை அதன் மேற்பரப்பில் இருக்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தால் தோல் முழுக்கப் பிறை வடிவ நுண்தழும்புகள் தெரியும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதியதால் விழுந்தவை அவை. ஒவ்வொரு பிறையும் மேலே தெரிவதைவிட ஆழமாக உள்ளே இறங்கியிருக்கும். டம்ளிங்கின் முதல் கட்டத்தில், 60/90 கிரிட் (தேய்ப்புத் தூளின் அளவு, எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) சிலிக்கான் கார்பைடில், ஏழு நாள் ஓடியும் தழும்பு மிச்சமிருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் புதிய கிரிட் போட்டு மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். அவசரப்பட்டு 120/220-க்கும் 500-க்கும் ஏற்றினால், பளபளக்கும் கல்லில் வெண்பிறைகள் பளிச்சென்று நிற்கும்.

உள்விரிசலை வீட்டுக்கு வருமுன்பே கண்டுபிடிக்கலாம். கல்லைச் சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து வெயிலில் வையுங்கள். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். விரிசலுக்குள் போன நீர் மட்டும் வெளியேறத் தாமதமாகி, மெல்லிய கருங்கோடாகக் கொஞ்ச நேரம் தெரியும். அந்தக் கோடு கல்லின் குறுக்கே ஓடினால் அதை ஆற்றிலேயே விட்டுவிடலாம். சுமை குறையும் என்பதோடு, டம்ளிங் பீப்பாயில் ஒரு கல் உடைந்தால் அதன் கூர்முனைச் சில்லுகள் மற்ற எல்லாக் கற்களையும் கீறிவிடும் என்பதாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

ஆற்றின் இன்னொரு பெரிய பயன், அது மூலத்துக்கு வழி காட்டுவது. நீரோட்டத்துக்கு எதிராக மேலே நடந்து, ஒவ்வொரு கிளையோடை சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ஒரே அளவு பரப்பில் எத்தனை அகேட் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். கூடலுக்குக் கீழே கிடைத்தது மேலே போனதும் நின்றுவிட்டால், கல் வருவது அந்தக் கிளையோடை வழியாகத்தான். உருண்டை குறைந்து முனைகள் தெரியத் தொடங்கினால் மூலம் நெருங்குகிறது. மேல்பகுதியில் மழை என்று தெரிந்தாலோ, அணை திறக்கும் ஆறாக இருந்தாலோ திட்டில் இறங்கவே வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

கடற்கரை

டம்ளிங்கின் முதல் கட்ட வேலை குறைய வேண்டுமென்றால் ஆற்றையும் மிஞ்சும் இடம் இது. அலை இடைவிடாமல் உருட்டித் தேய்த்ததால் கற்கள் பெரும்பாலும் 1 முதல் 4 செ.மீ. வரை, ஓரளவு சமமான உருண்டையாக இருக்கும். முதல் கட்டத்து உருட்டலில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். மேற்பரப்பு பனி படர்ந்தது போல் மங்கலாக இருந்தாலும் அலை ஓரத்தில் ஈரமாகக் கிடக்கும்போது தெளிவாகவே தெரியும்.

நேரம் தவறினால் இங்கே ஒன்றும் கிடைக்காது. கோடையில் பல கரைகளில் மணல் ஏறிச் சரளையை மூடிவிடும், குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போன பிறகுதான் சரளைப் படுகை வெளிப்படும். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் அகேட் தேடுகிறவர்கள் குளிர்காலத்துக்காகக் காத்திருப்பது இதனால்தான். கடல் முழுமையாக வற்றும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்பே இறங்கி, நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும். செங்குத்துப் பாறைக்கும் கடலுக்கும் நடுவே குறுகலான கரை என்றால் இது உயிர் விஷயம். அலைக்கு முதுகு காட்டிக் குனியவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் கற்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு வெண்பூச்சாகப் பூக்கும்.

பலகை அறுக்கும் அளவுக்குக் கல் இங்கே அரிது.

எரிமலைப் பாறையும் அதன் சிதைந்த மண்ணும்

வெட்டுச் சக்கரம் வைத்திருப்பவர்கள் போக வேண்டிய இடம் இது. 6 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு முடிச்சை 6 மி.மீ. பலகைகளாக அறுத்தால், பிளேடு தின்பதும் இரு முனைகளும் போக ஆறு பலகை வரை தேறும். பட்டைகள் தோலிலிருந்து நடு வரை அறுபடாமல் கிடைப்பதும் இங்கேதான். பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்துப் பெரிய அகேட்டுகள் பசால்ட்டிலிருந்தும் அது சிதைந்த களிமண்ணிலிருந்தும்தான் எடுக்கப்படுகின்றன.

பசால்ட் மலையில் எல்லா உயரத்திலும் முடிச்சு இருக்காது. தக்காணப் பீடபூமியில் தெரிவது போல, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி இறுகியிருக்கும். வாயு மேலே எழும்பும் என்பதால் ஒவ்வோர் அடுக்கின் மேற்பகுதியில்தான் குழிகள் மிகுதி, நடுப்பகுதி குழியில்லாத கெட்டிப் பாறை. ஆகவே ஓர் அடுக்கின் உச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் கோட்டைக் கண்டுபிடித்து, அதையொட்டிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அந்தக் கோடு பல இடங்களில் சிவந்த மண்படலமாகத் தெரியும். அதன் அடிவாரச் சரிவிலும் மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்களிலும் உதிர்ந்த முடிச்சுகள் கிடக்கும். உளி எடுப்பதற்கு முன் இவற்றைத் தேடித் தீர்த்துவிடுங்கள்.

தோல் மூடிய முடிச்சு அழகில்லாத உருண்டைதான்: மேலே சிறு சிறு குழித் தழும்புகள், சில இடங்களில் பச்சைக் களிமண் தோல். கையில் வைத்து எடை பாருங்கள். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் உள்ளே வெற்றிடமும் குவார்ட்ஸ் படிகங்களும் இருக்க வாய்ப்புண்டு, கபோஷானுக்கு அது அவ்வளவாக உதவாது. ஓரம் ஏதாவது சிதைந்திருந்தால் அங்கே டார்ச் வெளிச்சத்தை ஒட்டிப் பிடியுங்கள், ஒளி உள்ளே பரவினால் கால்சிடனி (அகேட்டை ஆக்கும் நுண்படிகக் குவார்ட்ஸ்) நிறைந்திருக்கிறது.

சுத்தியலால் உடைத்துப் பார்க்கும் ஆசையை இங்கே அடக்க வேண்டும். ஓர் அடி தரும் அதிர்ச்சி முடிச்சு முழுக்க மயிரிழை விரிசல்களைப் பரப்பும். உடைத்த பாதி அழகாகத்தான் இருக்கும், பலகை அறுத்ததும் அது துண்டு துண்டாகப் பிரியும். முடிச்சு பாறைக்குள் பதிந்திருந்தால் அதிலிருந்து நாலைந்து செ.மீ. தள்ளிச் சுற்றிலும் பாறையைக் கொத்தி, கடைசியில் கடப்பாரையால் நெம்பி எடுங்கள். ஒரு கிலோ கைச்சம்மட்டி, இரண்டு உளி, ஒரு சிறு கடப்பாரை போதும். ஒரு சுத்தியலை வைத்து இன்னொரு சுத்தியலால் அடிக்கக் கூடாது, எஃகுச் சில்லு கண்ணைத் தேடி வரும். கண் கவசம் இல்லாமல் முதல் அடிகூட வேண்டாம். பாறைத் தூள் பறக்கும் அளவுக்குக் கொத்துவதாக இருந்தால் தூசி வடிகட்டும் முகக்கவசமும் வேண்டும். அடியில் தோண்டிக்கொண்டே போய் மேலே தொங்கும் பாறையை உண்டாக்குவது இந்த வேலையிலேயே மிகப் பெரிய ஆபத்து.

உழைப்பு அதிகம், கிடைப்பது குறைவு, எடுத்ததில் பல முடிச்சுகள் உள்ளே வெறும் சாம்பல் நிறம். இருந்தும், ஒரு முடிச்சை அறுத்து மெல்லிய பட்டைகள் முதல் முறையாக வெளிச்சம் காணும் அந்த வெட்டுக்காக இந்தப் பாடு முழுக்கத் தகும்.

உழுத நிலமும் வறண்ட ஓடைக் கரையும்

கல்மரத்துக்கு முதல் இடம் இதுதான். உழுத பிறகு ஒரு நல்ல மழை பெய்யும்வரை காத்திருங்கள். உழுததும் எல்லாக் கல்லும் ஒரே மண் நிறம், மழை கழுவிய பிறகுதான் நிறங்கள் பிரியும். சால்களுக்குக் குறுக்கே நடக்காமல் அவற்றின் நீளத்துக்கு நடந்தால் பரப்பு விடுபடாது, நிலமும் மிதிபடாது.

கல்மரத்தைக் கண்ணால் அடையாளம் காண்பதில் ஒழுங்கு இருக்கிறது. குறுக்கு முறிவில் வளர்ச்சி வளையங்கள், அவற்றை வெட்டிக்கொண்டு நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்கோடுகள், நீளவாக்கில் நார் வரிகள். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் பொருந்த வேண்டும். வரி மட்டும் இருந்தால் அது பட்டை ஜாஸ்பராகவோ படிவுப் பாறையாகவோ இருக்கலாம். பனை இனமாக இருந்தால் வளையம் இருக்காது, குறுக்கே புள்ளிகளும் நெடுக்கே கம்பிகளும் தெரியும்.

மரம் என்று தெரிந்துவிட்டதால் மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மெருகேறுமா என்பது தனிக் கேள்வி. காய்ந்த துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் சிலிக்கா நன்றாக நிறைந்திருக்கிறது, உடனே உறிஞ்சப்பட்டால் நுண்துளைகள் மிச்சம், எவ்வளவு தீட்டினாலும் பளபளப்பு வராது. வினிகர் விட்டு நுரைத்தால் நிறைந்திருப்பது கால்சைட், அதன் கடினம் 3தான், அகேட்டோடு ஒரே பீப்பாயில் போட்டால் தேய்ந்தே போய்விடும். நார் வரி நெடுகப் பிளவு ஓடுகிறதா என்றும் பாருங்கள். பிளவு இருந்தால் குறுக்கு வெட்டுப் பலகை பிளேடிலேயே பிரியும். நல்ல துண்டிலும் வளையங்களுக்கு இடையே கடினம் மாறுவதால், மெருகின்போது மென்மையான பகுதி பள்ளமாகத் தேயும். அதைத் தடுக்க வைரத்தூள் பதித்த சக்கரத்தில் லேசான அழுத்தம், தாராளமான தண்ணீர்.

இதே நிலங்களில் அகேட்டும் ஜாஸ்பரும் கிடைக்கும்தான். ஆனால் இரும்புக் கறை படிந்த தோலோடு இருப்பதால், ஆற்றில் ஒரு பார்வையில் தெரிவது இங்கே ஒவ்வொன்றாக நனைத்தால்தான் தெரியும்.

சரளைக் குவாரிக் குவியல்

சலித்து அளவு பிரித்த குவியல் என்றால் பெரிய அளவுக் குவியல் மட்டும் பார்க்கத் தகும். பனியாறுகள் சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வந்த செந்நிற அகேட்டுகள் மினசோட்டாவின் சரளைக் குழிகளில் இப்படித்தான் கிடைக்கின்றன. கிரஷரில் நொறுக்கிய ஜல்லி வேண்டாம், எல்லாமே அடிபட்ட கல். குவியலின் அடிவாரத்தில் தோண்டினால் மேலிருந்து சரியும். பொறுப்பாளர் அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் உள்ளே கால் வைக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

டம்ளிங் மெஷின் மட்டும் இருக்கிறது, பீப்பாயை மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்குவரை நிரப்ப ஒரே கடினமுள்ள கற்கள் வேண்டும் என்றால் ஆறு அல்லது கடற்கரை. இரண்டில் ஆறுதான் எங்கள் தேர்வு. பெரிதும் சிறிதுமாகக் கலந்த அளவு அங்கேதான் கிடைக்கும். பீப்பாய்க்கும் அதுவே தேவை, பெரிய கற்களின் இடுக்கைச் சிறியவை நிரப்பினால்தான் தேய்ப்பு சீராக நடக்கும். கடற்கரையில் சிறியவை மட்டும் குவியும்.

வெட்டுச் சக்கரம் இருக்கிறவர்கள் எரிமலைப் பாறைக்குப் போகலாம், ஆனால் முதல் நாளே அங்கே போக வேண்டாம். ஆற்றில் தொடங்கி, கூடல் கூடலாக எண்ணி, மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டு மலை ஏறினால் வெறும் பாறையைக் கொத்தும் நாட்கள் மிச்சமாகும். கல்மரம்தான் நோக்கம் என்றால் மற்றதெல்லாம் விட்டுவிட்டு உழுத நிலம், வறண்ட ஓடை. இயந்திரமே இல்லை, சிலிக்கான் கார்பைடு நீர்த்தாளை வைத்துக் கையால்தான் தேய்க்கப் போகிறோம் என்றால் கடற்கரைக் கல். தேய்த்து நீக்க வேண்டிய அளவு அங்கேதான் குறைவு, அகேட்டின் கடினத்தில் அது ஒரு வாரக் கைவலியை மிச்சப்படுத்தும்.

இந்தத் தேர்வு எல்லாவற்றையும் தூக்கிப் போடக்கூடியது அனுமதி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கல் தேட உரிமம் எடுக்க வேண்டும், கைக்கருவிகள் மட்டும்தான் அனுமதி. அமெரிக்காவின் பொது நில நிர்வாகத்தின் கீழுள்ள நிலங்களில் சொந்த உபயோகத்துக்குக் கல்மரம் நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரை. அதே நாட்டில் அரிசோனாவின் கல்மரத் தேசியப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. திருவக்கரை கல்மரப் பூங்காவும் அப்படியே, கண்ணால் பார்க்க மட்டும். தனியார் நிலத்தில் உரிமையாளரைப் பார்த்துக் கேட்டு, எந்த வயலில் எந்தப் பக்கம் என்பதுவரை பேசி முடித்துவிட்டு இறங்குங்கள். தோண்டிய குழியை அன்றே மூடுங்கள். ஆடு மாடு காலை ஒடித்துக்கொண்டால் அடுத்து வருகிற எவருக்கும் அந்த நிலம் திறக்காது.

எந்த இடமானாலும் பைக்கு ஒரு சீட்டு: ஆறா, மலையா, எந்தத் திட்டு, எந்த அடுக்கு, தேதி. இடம் எழுதாத அகேட் அழகாக இருக்கலாம், ஆனால் அறுத்துப் பார்த்துப் பிரமாதம் என்று தெரிந்த பிறகு அதே இடத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்காது.